இரண்டாவது ஆடிக்கும் சேர்த்துக் கொடுங்கள்: தொலைநோக்கி வழங்கும் கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொடையாளர்களே, வணக்கம்.

பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் தொலைநோக்கி வாங்கித் தர முன்வரும் முன்னாள் மாணவர் சங்கங்கள், அறக்கட்டளைகள், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைக் கையாளும் அலுவலர்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். நாங்கள் தொலைநோக்கி ஆடி தேய்ப்பவர்கள். ஆடி என்றால் தொலைநோக்கிக்குள் ஒளியைத் திருப்பிக் குவிக்கும் வளைந்த தகடு. பழுதான கருவிகளைப் பிரித்துச் சீர்செய்பவர்கள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான். கருவிக்கு மட்டும் பணம் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அதன் ஆடிக்கு ஒளி திருப்பும் பூச்சை மறுபடி பூசுவதற்கும், கருவியைப் பழகிய ஆள் அங்கேயே இருப்பதற்கும் சேர்த்துக் கொடுங்கள். அப்படிக் கொடுத்த ஒருவர் என்ன செய்தார், அதனால் என்ன கிடைத்தது என்று விவரமாகச் சொன்னால், நாங்கள் கேட்பதன் நியாயம் உங்களுக்கே தெரியும்.

அவர் பெயர் வில்லியம் பார்சன்ஸ். ஆறடி விட்ட ஆடி கொண்ட தொலைநோக்கியைச் செய்தவர். ரோஸ் பிரபு பட்டத்தின் மூன்றாம் வாரிசு. 1800 ஜூன் 17 அன்று இங்கிலாந்தின் யார்க்கில் பிறந்தார். அயர்லாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் பர் கோட்டை அவர்கள் குடும்பச் சொத்து. அந்தக் காலத்தில் ஊருக்கே பார்சன்ஸ்டவுன் என்றுதான் பெயர். டப்ளினிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்து 1822-ல் கணிதத்தில் முதல் வகுப்பில் தேறினார். 1821 முதல் 1834 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். 1836-ல் யார்க்‌ஷயரைச் சேர்ந்த மேரி ஃபீல்டை மணந்தார். பெரும் சொத்துக்கு வாரிசான மேரி, பின்னாளில் அயர்லாந்தின் முன்னோடிப் புகைப்படக் கலைஞர்களில் ஒருவர் என்று பெயர் பெற்றார். தொலைநோக்கிக்கு வந்த பணம் குத்தகைதாரர்கள் கட்டிய குத்தகையும் மேரி கொண்டுவந்த செல்வமும்தான். இதை மறைக்க வேண்டிய அவசியமில்லை. அந்தப் பணத்தை அவர் எப்படிப் பிரித்துச் செலவு செய்தார் என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

1827 வாக்கில் அவர் ஆடி வார்க்கத் தொடங்கியபோது, பெரிய ஆடி செய்யும் வழி எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. அவருக்கு முன் பெரிய ஆடிகள் செய்த வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி செய்து விற்றவர். மெருகேற்றும் முறையை அவர் வெளியிடவில்லை. அதனால் ரோஸ் முதல் படியிலிருந்தே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

அப்போது கண்ணாடியில் வெள்ளி பூசும் முறை வரவில்லை. தொலைநோக்கி ஆடி என்றால் ஸ்பெகுலம் என்ற உலோகம்: செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். நம் பக்கத்துக் கேரளத்தின் ஆறன்முளைக் கண்ணாடியும் இதே குடும்பத்து உலோகம்தான். ரோஸ் முடிவு செய்த விகிதம் எடையில் செம்பு 126.4 பங்கு, வெள்ளீயம் 58.9 பங்கு. அதாவது வெள்ளீயம் ஏறத்தாழ 32 விழுக்காடு. வெள்ளீயம் கூடினால் உலோகம் நொறுங்கும். செம்பு கூடினால் வார்ப்பது சுலபம், விரிசல் விழாது. ஆனால் நிறம் மஞ்சளடிக்கும், களிம்பு சீக்கிரம் ஏறும். ஹெர்ஷல் தன் பெரிய ஆடிகளில் விரிசலுக்குப் பயந்து செம்பைக் கூட்டினார். அவை விரைவில் மங்கிப்போயின. ரோஸ் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல கலவையையே பிடித்துக்கொண்டு, அது விரிசல் விடாமல் வார்க்கும் வழியைத் தேடினார்.

அந்த உலோகம் எஃகைவிடக் கடினம், கண்ணாடியைப் போல நொறுங்கக்கூடியது. வார்க்கும்போது வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே திரவம் சுருங்கினால் தகடு பிளந்துவிடும். மணல் அச்சில் ஊற்றினால் வாயு வெளியேற வழியின்றி முகமெல்லாம் பொத்தல் விழும். இரண்டுக்கும் சேர்த்து ரோஸ் கண்ட தீர்வு வார்ப்பு அச்சின் அடித்தளம். பீப்பாய்க்குக் கட்டும் இரும்புப் பட்டைகளைச் செங்குத்தாக, விளிம்பு மேலே தெரியும்படி, ஒன்றோடொன்று நெருக்கி அடுக்கி இறுக்கி, அதன் மேற்பரப்பை ஆடியின் வளைவுக்குக் கடைந்தெடுத்தார். பட்டைகளுக்கு இடையிலுள்ள சந்து வழியாக வாயு கீழே இறங்கிவிடும். உருகிய உலோகம் நுழைய முடியாத அளவுக்கு அந்தச் சந்து சிறியது. இரும்பு வெப்பத்தை உறிஞ்சுவதால் உலோகம் அடியிலிருந்து மேல்நோக்கி அடுக்கடுக்காக இறுகும். பக்கங்களுக்கு மட்டும் மணல். இந்த ஒரு யோசனை இல்லையென்றால் ஆறடி ஆடி இல்லை என்றே சொல்லலாம்.

1842 ஏப்ரல் 13 இரவு 9 மணிக்கு முதல் ஆறடி ஆடி வார்க்கப்பட்டது. ஆர்மா வானாய்வகத்தின் தாமஸ் ராம்னி ராபின்சன் பக்கத்தில் நின்று பார்த்து எழுதிவைத்தார். மூன்று உலைகள், உலோகம் உருக்க மூன்று வார்ப்பிரும்பு மூசைகள். ஒவ்வொன்றும் 24 அங்குல விட்டம். எரிபொருள் அந்த ஊர்ச் சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த பீட் என்ற மக்கிய தாவர மண். ஊற்றி இறுகியதும் செக்கச்செவேலென்று சூடாக இருக்கும்போதே ஆடியை இழுத்துச் சூளைக்குள் தள்ளி, வாயை அடைத்து, 16 வாரம் ஆறவிட்டார்கள். ஏறத்தாழ 3 டன் எடையுள்ள தகடு அது. அவசரப்பட்டு முன்னதாகவே திறந்திருந்தால் உள்ளிருக்கும் இழுவிசையில் தானே வெடித்திருக்கக்கூடும்.

அடுத்தது தேய்ப்பு. 72 அங்குல விட்டம், 54 அடி குவியத் தூரம் கொண்ட ஆடியின் குழி நடுவில் அரை அங்குல ஆழம்தான். கோள வடிவக் குழிக்கும் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்க நமக்கு வேண்டிய பரவளையக் குழிக்கும் விளிம்பில் உள்ள வேறுபாடு ஓர் அங்குலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அந்த வேறுபாட்டைச் சரியாக எடுப்பதற்குத்தான் அத்தனை பாடும். கையால் அது முடியாது என்று கண்டு, நீராவி எந்திரத்தால் ஓடும் தேய்ப்புப் பொறி ஒன்றை அவரே வடிவமைத்தார். ஆடி தண்ணீர்த் தொட்டிக்குள் முகம் மேலாகக் கிடந்து மெல்லச் சுழலும். உராய்வில் பிறக்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்வதால் வடிவம் ஏமாற்றாது. மேலே வார்ப்பிரும்புத் தேய்ப்பான் இரண்டு திசைகளில் வீசி வீசி நகரும். முதலில் எமரி என்ற தேய்ப்புத் தூளும் தண்ணீரும். பிறகு தேய்ப்பானில் பிசின் பூசி, இரும்பு ஆக்சைடுச் செந்தூளால் மெருகு.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஆடி தேய்ப்பவர்கள் எல்லோரும் இதை அனுபவத்தில் அறிவார்கள். பிசின் அழுத்தத்தில் பக்கவாட்டில் பரவும். பரவ இடமில்லையென்றால் நடுவில் திரண்டு நின்று ஆடியின் நடுவைக் குழித்துவிடும். அதற்காகப் பிசினில் வரிவரியாக வாய்க்கால் வெட்டுவது வழக்கம். ஆனால் வேலை நடக்க நடக்க அந்த வாய்க்கால்கள் மூடிக்கொள்ளும். ரோஸ் வாய்க்காலை இரும்பிலேயே வெட்டிவிட்டார். பிசின் எவ்வளவு நேரம் பரவினாலும் இடம் இருந்துகொண்டே இருக்கும். வடிவம் சரியா என்று பார்க்க ஆடியைப் பொறியிலிருந்து இறக்கவும் வேண்டியதில்லை. பொறி ஒரு கோபுரத்தின் அடியில் இருந்தது. உச்சியில் கடிகார முகப்பு ஒன்றைப் பொருத்தி, தளங்களில் உள்ள கதவுகளைத் திறந்து, அதன் பிம்பம் ஆடியில் எவ்வளவு துல்லியமாக விழுகிறது என்று பார்த்துவிட்டு மறுபடி தேய்ப்பைத் தொடர்வார்கள்.

இந்த வேலையையெல்லாம் செய்தவர்கள் லண்டனிலிருந்து வரவழைத்த கைதேர்ந்தவர்கள் அல்லர். பர் ஊரின் தச்சர்களும் கொல்லர்களும் கூலித் தொழிலாளர்களும்தான். ரோஸ் பக்கத்தில் நின்று பழக்கினார். அதனால்தான் ஆடி மங்கியபோதெல்லாம் அதை மீண்டும் மெருகேற்ற ஊரிலேயே ஆள் இருந்தது.

இப்போது எங்கள் கோரிக்கையின் நடுப்பகுதிக்கு வருகிறோம். புதிதாக மெருகிட்ட ஸ்பெகுலம் விழும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கையே திருப்பித் தரும். நியூட்டன் வகைத் தொலைநோக்கியில் இரண்டு ஆடி இருப்பதால் கண்ணுக்குப் போய்ச் சேருவது பாதிக்கும் குறைவு. அயர்லாந்தின் ஈரக்காற்றில் அதுவும் நாளுக்கு நாள் குறையும். களிம்பை நீக்க வேண்டுமென்றால் மறுபடி தேய்க்க வேண்டும். தேய்த்தால் பரவளையமும் போய்விடும், அதையும் திரும்ப உருவாக்க வேண்டும். ஒவ்வொரு மெருகும் புதிதாக ஆடி செய்வதற்குச் சமம். இதைத் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்த ரோஸ், ஒரே குழலுக்கு இரண்டு பெரிய ஆடி செய்தார். ஒன்று குழலில் இருக்கும்போது மற்றொன்று பொறியில் இருக்கும். அந்த இரண்டுக்காக ஐந்து முறை வார்த்தார். மொத்தச் செலவு 12,000 பவுன் என்பார்கள். அதில் அந்த இரண்டாவது ஆடிக்குச் செலவிட்டதைத்தான் நாங்கள் மிகப் பெரிய கொடையாகக் கருதுகிறோம்.

1845 பிப்ரவரியில் தொலைநோக்கி முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. அந்த வசந்தத்திலேயே மெஸ்ஸியே 51 என்ற நெபுலா, அதாவது வானில் மங்கலாகத் தெரியும் ஒளித்திட்டு, சுருள் வடிவம் கொண்டது என்று ரோஸ் கண்டு வரைந்தார். இன்று சுருள் விண்மீன் மண்டலம் என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோமே, அந்த வடிவத்தை மனிதர் முதலில் கண்டது அங்கேதான். அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் உருளைக்கிழங்கு நோய் பரவி அயர்லாந்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. மாவட்டப் பொறுப்பு ரோஸிடம் இருந்தது. தொலைநோக்கி ஓரமாக நின்றது. ஒழுங்கான பார்வைப் பணி 1848-ல்தான் தொடங்கியது.

அப்போது அவர் செய்த இரண்டாவது நல்ல காரியம், சம்பளம் கொடுத்து உதவியாளர்களை வைத்தது. ஜார்ஜ் ஜான்ஸ்டன் ஸ்டோனி, அவர் தம்பி பிண்டன் ஸ்டோனி, ராபர்ட் பால், ரால்ஃப் கோப்லண்ட், ட்ரையர் என்று ஒருவர் பின் ஒருவராக அங்கே வந்தார்கள். பின்னிருவரும் மகன் லாரன்ஸ் காலத்தில். எலக்ட்ரான் என்ற பெயரைப் பின்னாளில் வைத்தவர் அந்த ஜார்ஜ் ஸ்டோனிதான். நெபுலாக்களையும் விண்மீன் கூட்டங்களையும் தொகுத்து, இன்றும் வானியலார் தினமும் புரட்டும் என்.ஜி.சி. பட்டியலை 1888-ல் 7,840 பொருள்களோடு வெளியிட்ட ட்ரையர், 1874 முதல் 1878 வரை பர் கோட்டையில் வேலை பார்த்தவர். கருவியின் பலன் என்று எதைச் சொல்வது? ஆறடி ஆடி காட்டிய வானத்தையா, அதன் கீழ் நின்று பழகிய இந்த மனிதர்களையா? இரண்டையும்தான். ட்ரையர் போன பிறகு ஆறடித் தொலைநோக்கிக்கு வேலை குறைந்தது. 1908 வாக்கில் அதைப் பிரித்தே விட்டார்கள். ஆடி இருந்தும் கருவி நின்றது.

எதிர்ப்பக்க உதாரணமும் ஒன்று உண்டு. 48 அங்குல ஸ்பெகுலம் ஆடியோடு டப்ளினில் தாமஸ் கிரப் செய்த பெரிய மெல்பர்ன் தொலைநோக்கி 1868-ல் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தது. அறிஞர் குழு ஒன்று ஆண்டுக்கணக்கில் ஆலோசித்து வடிவமைத்த கருவி. ரோஸும் அந்த ஆலோசனையில் இருந்தவர். இரண்டு ஆடிகளும் கொடுத்தார்கள், மெருகேற்றும் பொறியும் கூடவே போனது. கடல் காற்று படாமலிருக்க ஆடிக்கு அரக்கு பூசி அனுப்பினார்கள். பயிற்சி பெற்றுப் போன ஆல்பர்ட் லெ சூயர் 1870-லேயே வேலையை விட்டுவிட்டார். கருவியிடம் எதிர்பார்த்த பலன் கடைசி வரை வரவில்லை. பொறி, ஆடி, பணம் எல்லாம் இருந்தன. இல்லாமல் போனது பழகிய கை.

உங்கள் கொடைக்கு வருவோம். பள்ளிகளுக்கு நீங்கள் பெரும்பாலும் வாங்கித் தருவது 6 அல்லது 8 அங்குல நியூட்டன் வகைக் கருவி. அதன் ஆடி கண்ணாடி; முகத்தில் மெல்லிய அலுமினியப் பூச்சு, அதன் மேல் காப்புப் படலம். புதிதாக இருக்கும்போது 90 விழுக்காடு அளவுக்கு ஒளியைத் திருப்பும். ரோஸுக்குக் கிடைக்காத பெரிய வசதி ஒன்று இதில் இருக்கிறது: பூச்சு கெட்டால் அதைக் கரைத்து எடுத்துவிட்டு, வெற்றிட அறையில் புதிதாகப் பூசலாம். கண்ணாடியின் வடிவம் மாறாது. தமிழ்நாட்டின் காவலூர் வானாய்வகத்தில் 2.34 மீட்டர் ஆடிகொண்ட வைணு பாப்பு தொலைநோக்கிக்கு இந்தப் பூச்சு வேலைக்கான ஏற்பாடு அங்கேயே இருக்கிறது. பெரிய ஆய்வகம் மறக்காமல் ஒதுக்கும் இந்தச் செலவைப் பள்ளிக்குத் தரும் கொடையில் யாரும் ஒதுக்குவதில்லை.

கெடுவது எப்படி என்று சொல்கிறோம். இரவில் பார்த்துவிட்டு, ஆடியில் பனி படிந்திருக்கும்போதே மூடி போட்டு அறையில் பூட்டுகிறார்கள். ஈரம் உள்ளே நிற்கிறது. மழைக்காலம் முடிவதற்குள் ஆடியில் பூஞ்சை வேர்விட்டுப் படர்ந்திருக்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்று காப்புப் படலத்திலுள்ள நுண்துளை வழியாக இறங்கி அலுமினியத்தைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். தூசியைக் கண்டு பயந்து யாராவது வேட்டித் துணியாலோ, மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணியாலோ உலர்த் துடைப்பு போட்டுவிட்டால் அத்தோடு முடிந்தது. தூசியால் பிம்பம் கெடுவதில்லை, கீறலால் கெடும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் கழுவவே கூடாது. கழுவும்போது ஆடியைத் தாங்கியோடு கழற்றி, ஓடும் தண்ணீரில் தூசியை முதலில் போகவிட வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு விட்டு ஆடியை அமிழ்த்தி, பஞ்சை நீருக்கடியில் அதன் எடையால் மட்டும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். ஒரு பஞ்சு ஓர் இழுப்புக்குத்தான். கடைசியாக வாலைவடிநீரால் அலசி, விளிம்பில் சாய்த்து நிறுத்தி, நிற்கும் துளிகளைத் தாள் முனையால் உறிஞ்சிவிட்டால் போதும்.

கருவியை ஒரு வகுப்பிலிருந்து மைதானத்துக்குத் தூக்கிப் போனாலே இரண்டு ஆடிகளின் நேர்க்கோடு விலகும். பின்புறத்துத் திருகுகளை அரைச் சுற்று, கால் சுற்று திருப்பிச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பழகாதவர் பார்த்தால் வியாழன் வால்வெள்ளி போலத் தெரியும். ‘கருவி சரியில்லை’ என்று பெட்டியில் போட்டுவிடுவார். அந்தப் பெட்டியின் சாவி ஒரே ஆசிரியரிடம் இருக்கிறது. அவருக்கு மாறுதல் வந்ததும் அந்தப் பள்ளியில் தொலைநோக்கியின் கதை முடிந்துவிடுகிறது.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இது. நீங்கள் நூறு ரூபாய் ஒதுக்கினால் அறுபதைக் கருவிக்கு வையுங்கள். கருவி சற்றுச் சிறியதாகப் போனாலும் பரவாயில்லை. பழுதில்லாத 6 அங்குலம், பூஞ்சை பிடித்த 10 அங்குலத்தைவிட நிறையக் காட்டும். 500 மடங்கு, 600 மடங்கு உருப்பெருக்கம் என்று பெட்டியில் அச்சிட்டதை நம்பி வாங்காதீர்கள். விட்டத்தில் ஓர் அங்குலத்துக்கு 50 மடங்கு என்பதே எல்லை, அதுவும் காற்று அமைதியாக இருக்கும் இரவில்தான். கண்ணருகு லென்ஸில் திருகி மாட்டும் சூரிய வடிகட்டி பெட்டியோடு வந்தால், பள்ளியில் ஒப்படைக்கும் முன் உடைத்துப் போட்டுவிடுங்கள். குவிந்த வெயிலில் அது வெடித்தால் குழந்தையின் கண் போய்விடும். சூரியனைப் பார்க்க வேண்டுமானால் குழலின் முன்வாயை முழுதாக மூடும் வடிகட்டியே வேண்டும்.

மீதி நாற்பதில் ஒரு பகுதியை மறுபூச்சுக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு ஐந்தாறு ஆண்டில் அது தேவைப்படும். இன்னொரு பகுதி ஆளுக்கு: ஒரே பள்ளியில் குறைந்தது இரண்டு ஆசிரியர், ஓர் ஆய்வக உதவியாளர் என மூவருக்குப் பயிற்சி, ஆண்டுதோறும் சிறு மதிப்பூதியம். ஒரு மாவட்டத்தில் பத்துப் பள்ளிகளுக்குக் கொடுப்பதாக இருந்தால் பத்துக்கும் ஒரே மாதிரிக் கருவியாக வாங்குங்கள். பதினோராவதாக ஆடி மட்டும் ஒன்று வாங்கி ஒரு பொது இடத்தில் வையுங்கள். ஒரு பள்ளியின் ஆடி பூச்சுக்குப் போயிருக்கும் மாதங்களில் அந்த மாற்று ஆடி அங்கே போகும். ரோஸ் மூன்று டன் உலோகத்தில் செய்ததை நீங்கள் ஒரு கிலோ, இரண்டு கிலோ கண்ணாடியில் செய்துவிடலாம்.

கொடைக்கு நிபந்தனை போடத் தயங்காதீர்கள். ஸ்காட்லாந்தில் கிராஃபர்ட் பிரபு 1888-ல் தன் டன் எக்ட் வானாய்வகக் கருவிகளையும் அரிய நூலகத்தையும் நாட்டுக்கு அளித்தபோது, எடின்பரோவில் புதிய ஆய்வகம் கட்டி நடத்த வேண்டும் என்ற ஏற்பாட்டோடுதான் அளித்தார். அந்த ஆய்வகம் பிளாக்ஃபோர்டு குன்றில் 1896-ல் திறந்தது. அதன் பொறுப்பில் இருந்தவர், முன்பு பர் கோட்டையில் உதவியாளராக இருந்த அதே கோப்லண்ட். நீங்கள் போட வேண்டிய நிபந்தனையும் கடினமானதல்ல. மாதம் இரண்டு இரவாவது கருவி வெளியே வர வேண்டும்; யார் எதைப் பார்த்தார்கள், என்ன பழுது தெரிந்தது என்று ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும்; அதன் நகல் ஆண்டுக்கு ஒரு முறை உங்களுக்கு வர வேண்டும். பழுதை எழுதினால் கெட்ட பெயர் வரும் என்று பள்ளி அஞ்சாமலிருக்க, பழுதைச் சொன்னவுடன் பணம் விடுவிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். வார்ப்பு எத்தனை முறை உடைந்தது, ஏன் உடைந்தது என்று ரோஸ் 1840-ல் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் இதழில் வரிவரியாக எழுதினார். எட்டு ஆண்டு கழித்து அதே சங்கத்துக்குத் தலைவரும் ஆனார்.

கருவியின் குழலில் உங்கள் பெயரைப் பொறித்த தகடு ஒன்று ஒட்டுவீர்கள். அது உங்கள் உரிமை. அந்தத் தகட்டில் இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடுங்கள்: ஆடி கடைசியாகப் பூசிய மாதமும் ஆண்டும், அடுத்துப் பூச வேண்டிய மாதமும் ஆண்டும். மூன்றாவதாக, அந்தச் செலவை யார் தருவார் என்பதற்கு ஒரு தொலைபேசி எண்.

இப்படிக்கு,
ஆடி தேய்ப்போரும் தொலைநோக்கி சீர்செய்வோரும்